170 கிராம்

டிம் ஓ பிரையனின் 'த திங்ஸ் தே கேரீட்' (1990) நூலை வாசித்தவர்களுக்கு அதன் முதல் கதை நினைவிருக்கும். வியட்நாமில் நடந்துகொண்டேயிருக்கும் காலாட்படை வீரர்கள் சுமக்கிற ஒவ்வொரு பொருளின் எடையையும் ஆசிரியர் பவுண்டு, அவுன்ஸ் கணக்கில் சொல்லிக்கொண்டே போவார். துப்பாக்கி, தோட்டா, தலைக்கவசம், உணவுப் பொட்டலம், கடிதங்கள். ஒரு கட்டத்தில் தராசில் வைக்க முடியாதவையும் அந்தப் பட்டியலில் வந்து சேர்ந்துகொள்ளும். அச்சம் வரும், குற்றவுணர்வு வரும். ஆயுதத்தின் எடையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது.

நான் இங்கே பேச எடுத்துக்கொண்டிருப்பது போர்க்கள ஆயுதத்தை அல்ல. அமெரிக்காவில் சாதாரணக் குடிமக்கள் கால்சட்டைப் பையிலும் கைப்பையிலும் போட்டுக்கொண்டு நடமாடுகிற, ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் சிறிய ரிவால்வரைப் பற்றி. அதில் எஃகில் செய்த பழைய வகை ஒன்று, பாலிமரும் அலுமினியமும் கலந்த புதிய வகை ஒன்று. இரண்டுக்குமிடையே உள்ள எடை வேறுபாடு ஏறத்தாழ 170 கிராம். ஒரு கைப்பேசியின் எடை. கடந்த பல ஆண்டுகளாக இந்த 170 கிராமைக் குறித்து அந்நாட்டில் நடந்துவரும் விவாதத்தை இலக்கிய வாசகர்கள் பொருட்படுத்தத் தேவையில்லை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பழையதைப் பற்றி. குழல் இரண்டு அங்குல அளவிலேயே முடிந்துவிடுவதால் இவ்வகை ரிவால்வருக்கு ஆங்கிலத்தில் 'ஸ்னப்நோஸ்' என்று பெயர். நாம் சப்பைமூக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். கோல்ட் நிறுவனம் 1927இல் 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' என்ற பெயரில் ஆறு தோட்டாச் சப்பைமூக்கு ஒன்றை வெளியிட்டது. சீருடை அணியாத காவலர்கள் கோட்டுக்குள் மறைத்துக்கொள்ளத் தோதான ஆயுதம். அக்காலத்து அமெரிக்கத் துப்பறியும் கதைகளும் பின்னால் வந்த நுவார் திரைப்படங்களும் இந்தக் குட்டைக் குழலை ஒரு படிமமாகவே ஆக்கிவிட்டன. 1950இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் அதைவிடச் சிறிய, ஐந்து தோட்டா ரிவால்வர் ஒன்றைக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் கூடிய காவல்துறைத் தலைவர்கள் மாநாட்டில் அறிமுகம் செய்தது. அங்கே வந்திருந்த தலைவர்களே வாக்களித்து 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அது மாடல் 36 ஆயிற்று. முழுக்க எஃகு. எடை சுமார் 550 கிராம். சுடுவது 1898இல் பிறந்த .38 ஸ்பெஷல் தோட்டாவை.

எடையைக் குறைக்கும் ஆசை புதிய நூற்றாண்டில் தோன்றியதன்று. 1950லேயே கோல்ட் நிறுவனம் டிடெக்டிவ் ஸ்பெஷலின் சட்டகத்தை அலுமினியத்தில் செய்து 'கோப்ரா' என்று விற்கத் தொடங்கியது. 1963 நவம்பர் 24 அன்று டாலஸ் காவல் நிலையத்தின் அடித்தளத்தில் ஜாக் ரூபி ஆஸ்வால்டைச் சுட்டது கோப்ராவால்தான். 1950களில் அமெரிக்க விமானப்படை இன்னும் ஒரு படி மேலே போய், தோட்டாக்கள் இருக்கும் உருளையைக்கூட அலுமினியத்தில் செய்த ரிவால்வர்களை விமானிகளுக்காக வாங்கியது. அலுமினிய உருளை வெடியழுத்தத்தைத் தாங்காது என்று தெரிந்துபோய், அந்தப் பத்தாண்டின் இறுதியில் அவற்றில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார்கள். எங்கே எடையைக் குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்ற பாடம் இவ்வாறு கற்கப்பட்டது.

அந்தப் பாடத்தை நன்றாகப் படித்த மாணவன் என்று ரூகர் நிறுவனம் 2009இல் வெளியிட்ட எல்.சி.ஆர். ரிவால்வரைச் சொல்லலாம். அதன் பெயரே 'எடை குறைந்த, அடக்கமான ரிவால்வர்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான். 383 கிராம். வெடிப்பு நிகழும் உருளை துருவேறா எஃகு. நம் வீட்டு மொழியில் எவர்சில்வர். குழலின் உட்பகுதியும் அதே எஃகு. அவற்றைத் தாங்கும் மேற்சட்டகம் அலுமினியக் கலவை. விசை, சுத்தி, சுருள்வில் ஆகியவை அமர்ந்திருக்கும் கீழ்ப்பகுதி மட்டும் பாலிமர். வெடியழுத்தம் போய்ச் சேராத இடத்தில் மட்டுமே பாலிமரைப் பயன்படுத்தியது நல்ல பொறியியல். ஆஸ்திரிய ராணுவம் 1982இல் கிளாக் கைத்துப்பாக்கியை ஏற்றுக்கொண்டபோது "பிளாஸ்டிக் துப்பாக்கி" என்று எழுந்த ஏளனமும் பீதியும் இன்று யாரிடமும் இல்லை. எனவே பாலிமர் உழைக்காது, உடைந்துவிடும் என்று சொல்லிப் பழையதை உயர்த்திப் பிடிக்க நான் முற்படவில்லை. அந்த வாதம் என்றோ தோற்றுவிட்டது.

புதியதன் பக்கம் இருக்கும் நியாயங்களை முழுமையாகவே ஒப்புக்கொள்கிறேன். அதன் விசையமைப்பில் உராய்வைக் குறைக்கும் நெம்புவளைவு ஒன்று இருக்கிறது. பழைய சப்பைமூக்கில் விரல் படுகிற பாடு இதில் இல்லை. சுத்தி உள்ளே மறைந்திருப்பதால் பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டிக்கொள்ளாது. வியர்வை பட்டுத் துருவேறும் நீலப்பூச்சு எஃகின் தொல்லை இல்லை. பாலிமரும் ரப்பர் கைப்பிடியும் அதிர்வில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதால், அதே எடையுள்ள அலுமினிய ரிவால்வரைவிடக் கைக்கு இதமாகவே இருக்கிறது.

ஆனால் இயற்பியல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரே தோட்டாவை இரண்டு ரிவால்வர்களில் சுட்டால் பின்னோக்கி வரும் உந்தம் இரண்டிலும் ஒன்றுதான். அந்த உந்தத்தை 550 கிராம் எஃகு மெதுவாக வாங்கிக்கொள்ளும். 383 கிராம் வேகமாக வாங்கிக் கைக்குக் கொடுக்கும். தோட்டாக்களின் எடையையும் சேர்த்துப் பார்த்தால், இலகுவான ரிவால்வரின் பின்னுதைப்பு ஆற்றல் ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். பாலிமரின் நெகிழ்வு அதன் கூர்மையை மழுக்கலாமே தவிர, கணக்கை மாற்ற முடியாது. இடுப்பிலிருந்து குறைக்கப்பட்ட எடை எங்கும் மறைந்துவிடவில்லை. சுடும் கணத்தில் மணிக்கட்டில் வந்து சேர்கிறது.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துத் தெரிந்துகொண்டவன் அல்லன். அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் வசித்தபோது எங்கள் அண்டை வீட்டில் ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் இருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். பணியில் இருந்த காலத்தில் ஓய்வு நாட்களில் சீஃப்ஸ் ஸ்பெஷல் வைத்திருந்தவர். அதை இன்னமும் வைத்திருந்தார். கைப்பிடி ஓரத்தில் பூச்சு தேய்ந்து எஃகு வெள்ளையாகத் தெரியும். எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு பெண்மணி, துணிக்கடை ஒன்றில் பணியாற்றுபவர், இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு இருண்ட வாகன நிறுத்தத்துக்குத் தனியே நடந்து போக வேண்டியவர், அவரிடம் ஆலோசனை கேட்க வந்தார். பிரிந்துபோன கணவரிடமிருந்து மிரட்டல். அருகில் வரக்கூடாது என்று நீதிமன்றத்தின் தடையாணை இருந்தது. ஆனால் ஆணைத்தாள் இருட்டில் கூட நடந்து வருவதில்லை.

அவர் ஏற்கெனவே பாலிமர் ரிவால்வர் ஒன்றை வாங்கியிருந்தார். பெண்களுக்கு இலகுவானதுதான் ஏற்றது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். கடையில் கையில் எடுத்துப் பார்த்தபோது பொம்மைபோல இருந்தது, அதுவே நிம்மதியாக இருந்தது என்றார். பெரியவர் எங்கள் இருவரையும் ஒரு சனிக்கிழமை காலை சுடுபயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார்.

முதலில் நான் சுட்டேன். எஃகு ரிவால்வர் உள்ளங்கையைப் பின்னால் தள்ளியது, அவ்வளவுதான். இலகுவானது அறைந்தது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதையில் அந்த அறையை உணர்ந்த பிறகு அடுத்த குண்டு குறியை விட்டுத் தாழ்ந்து போயிற்று. உதை வரப்போகிறது என்று தெரிந்த கை, விசை இழுபட்டு முடிவதற்கு முன்பே கீழே இறங்கிவிடுகிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் இச்செயலை மனத்தால் தடுப்பது கடினம். அந்தப் பெண்மணி ஐந்து தோட்டாக்களைச் சுட்டார். மறுபடியும் நிரப்பி மூன்று சுட்டார். பிறகு ரிவால்வரை மேசைமீது வைத்துவிட்டு, "இனி இதைச் சுடமாட்டேன். ஆனால் பையில் இருக்கட்டும்" என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களில்தான் பிரச்சினையின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சுடவே போவதில்லை, ஆனால் பையில் இருக்கும். பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. "கடையில் தூக்கிப் பார்க்கும்போது நல்லதாகத் தெரிகிற துப்பாக்கி வேறு, இங்கே நல்லதாகத் தெரிகிற துப்பாக்கி வேறு. எல்லோரும் கடையில்தான் வாங்குகிறார்கள்" என்று மட்டும் சொன்னார். பிறகு தன் பழைய சீஃப்ஸ் ஸ்பெஷலை அவர் கையில் கொடுத்தார். அன்று அவர் அதில் முப்பது தோட்டாக்களுக்கு மேல் சுட்டார்.

ஐந்தே தோட்டா, இரண்டங்குலக் குழல், கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லத்தக்க குறிமுனை. சப்பைமூக்கு என்பது கைத்துப்பாக்கிகளிலேயே சரியாகச் சுடக் கடினமான ஒன்று. பார்ப்பதற்குச் சிறியதாகவும் எளியதாகவும் இருப்பதால் புதியவர்களுக்கு ஏற்றதென்று கருதிவிடுகிறார்கள். உண்மையில் இது மிகுந்த பழக்கத்தைக் கேட்கும் கருவி. அந்தப் பழக்கத்தை வலியின் மூலம் தடுக்கிற ஒரு வடிவத்தை, பழக்கம் இல்லாதவர்களுக்கே உரியதென்று விற்பது முரண். இலகு ரிவால்வரை அதன் முழுத் தகுதியோடு கையாளக்கூடியவர் பல்லாண்டு பயிற்சி பெற்ற வல்லுநர். அதை வாங்குகிறவரோ பெரும்பாலும் எங்கள் தெருக்கோடிப் பெண்மணியைப் போன்றவர்.

இதற்கு மறுமொழிகள் உண்டு. உதை குறைந்த 'வாட்கட்டர்' தோட்டாவால் பயிலலாம் என்பார்கள். அதே வடிவில் .22 தோட்டாவுக்கான எல்.சி.ஆர். இருக்கிறது, அதில் பழகிவிட்டு இதை வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். தோட்டா இல்லாமல் வீட்டிலேயே விசையை இழுத்துப் பழகலாம் என்பார்கள். எல்லாமே சரியான யோசனைகள். இத்தனை சிரத்தை எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு இலகு ரிவால்வரைப் பற்றி நான் சொல்ல எதுவுமில்லை. ஆனால் சுமக்கச் சோம்பி எடை குறைந்ததை வாங்கியவர், பயிலுவதற்காக இன்னொன்றையும் வாங்குவார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பை அறியாமை.

மிக வலுவான மறுமொழி ஒன்றிருக்கிறது. கனமான துப்பாக்கி நாளடைவில் வீட்டு மேசை இழுப்பறைக்குப் போய்விடும். ஆபத்து வரும் இரவில் அது இழுப்பறையில்தான் இருக்கும். கையில் இல்லாத எஃகைவிடக் கையில் இருக்கும் பாலிமர் மேல். இதை மறுக்க என்னிடம் வாதமில்லை. கொலைமிரட்டலோடு வாழும் ஒருவருக்கு ஒவ்வொரு கிராமும் முக்கியமாக இருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கழற்றி வைக்கப்படும் ஆயுதம்தான் குழந்தை கைக்கும் திருடன் கைக்கும் போகிறது. எடை ஒருவரைக் கழற்றி வைக்கத் தூண்டும் என்றால், பூட்டில்லாத வீட்டில் அதுவும் ஒரு தீங்கே.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் நான் ஏன் எஃகின் பக்கம் நிற்கிறேன்? இனிமேல் சொல்வது துப்பாக்கிக் கலையின்பாற்பட்டதன்று. கொஞ்சம் அறம் சார்ந்தது.

அமெரிக்காவில் ஆயுதம் ஏந்தி வெளியே செல்வது ஒரு காலத்தில் அனுமதி கேட்டுப் பெற வேண்டிய ஒன்றாகப் பல இடங்களில் இருந்தது. நியூயார்க் 1911லேயே சல்லிவன் சட்டத்தை இயற்றியது. 1980களின் இறுதியிலிருந்து மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. 2008இல் ஹெல்லர் வழக்கிலும் 2022இல் புரூயன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஆயுதம் வைத்திருப்பதையும் ஏந்திச் செல்வதையும் தனிமனித உரிமை என்று உறுதிப்படுத்தியது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச்சீட்டே வேண்டியதில்லை. இந்தத் தீர்ப்புகள் சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. நான் கவனிப்பது ஒன்றைத்தான். ஆயுதம் ஏந்துவதில் இருந்த தடைகள் ஒவ்வொன்றாக விலக, கடைசியாக மிச்சமிருந்த தடை அதன் எடை. சட்டம் இறக்கி வைத்த சுமையின் கடைசிப் பங்கைப் பொறியியல் இறக்கி வைத்துவிட்டது.

காலையில் உடுத்தும்போது 550 கிராம் எஃகை இடுப்பில் செருகுகிறவர் அன்றைக்கு அது தேவையா என்று ஒரு கணமேனும் கேட்டுக்கொள்வார். இடுப்புவார் இழுக்கும், நாற்காலியில் அமர்ந்தால் உறுத்தும். தன்னிடம் மனித உயிரைப் பறிக்கும் கருவி இருக்கிறது என்ற செய்தியை உடல் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். பையில் இருப்பதே மறந்துபோகும் அளவுக்கு இலகு என்பதைத் தயாரிப்பாளர்களும் ரசிகர்களும் பெருமையாகவே சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமைதான் அச்சமூட்டுகிறது. சாவிக்கொத்தை மறக்கலாம், கைக்குட்டையை மறக்கலாம். இதை மறக்கலாமா? விமான நிலையச் சோதனைகளில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் பிடிபடுகின்றன. பிடிபட்டவர்களிடமிருந்து அடிக்கடி கேட்கும் சொல், பையில் இருந்ததை மறந்துவிட்டேன் என்பது.

மேலும், ஆயுதம் எப்போதும் அந்நியனை நோக்கியே திரும்புவதில்லை. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல். இந்த எண்ணை முன்னே வைத்துக்கொண்டு பார்த்தால், எப்போதும் கையெட்டும் தூரத்தில், உடலின் ஓர் உறுப்பைப் போல உணரப்படாமலே இருக்கும் ஆயுதம் நல்லதா என்ற கேள்வி வேறு விதமாக ஒலிக்கிறது. 170 கிராம் எஃகு ஒரு தற்கொலையைத் தடுத்துவிடும் என்று சொல்லும் அளவுக்கு நான் பேதை அல்லன். ஆயுதத்தைத் தனக்கு வெளியே உள்ள ஒரு பொருளாக, எடுக்கவும் வைக்கவும் பூட்டவும் வேண்டிய பொருளாக ஒருவர் உணர்ந்துகொண்டே இருப்பது நல்லது என்கிறேன். பூட்டுவதற்கு முதலில் அதைக் கழற்றத் தோன்ற வேண்டும்.

சப்பைமூக்குகளின் காலமே முடிந்துவிட்டது, இந்தச் சர்ச்சை எதற்கு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. ரிவால்வர்களிலிருந்து விலகத் தொடங்கியது. நியூயார்க் காவல்துறையின் கடைசி ரிவால்வர்கள் 2018இல் விடைபெற்றன. அதே 2018இல் வந்த சிக் சாவர் பி365 போன்ற சிறு கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய அதே அளவில் பத்துத் தோட்டாக்களைக் கொள்கின்றன. ஆயினும் இழுக்க, ஏற்ற, அடைப்பை நீக்க எதுவும் தெரியாதவருக்கு ரிவால்வரின் எளிமைக்கு இணையில்லை என்பதால் அது தனிமனிதர்களிடம் தொடர்ந்து வாழ்கிறது. ஆகவே கேள்வியும் வாழ்கிறது.

அந்தப் பெண்மணி தம்முடைய பாலிமர் ரிவால்வரைக் கொடுத்துவிட்டு, யாரோ பயன்படுத்திய எஃகுச் சப்பைமூக்கு ஒன்றை வாங்கிக்கொண்டார். மாதம் ஒருமுறை பெரியவருடன் பயிற்சிக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். கைப்பையின் வார் தோளை அறுக்கிறது என்று எப்போதும் குறைபட்டுக்கொள்வார். இரண்டாண்டுகளுக்குப் பிறகு அந்த மனிதர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டதாகத் தகவல் வந்தது. உடனே அவர் நம்பிவிடவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு மாலை எங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, துப்பாக்கியை வீட்டில் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இப்போதெல்லாம் வேலைக்குப் போகிறேன் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"தோள் வலிக்கிறது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வலிக்காமல் இருந்திருந்தால் இன்னும் சுமந்துகொண்டே இருந்திருப்பேன்" என்றார்.